ஒரே கணக்கில் முந்நூறு கைப்பேசிகள்

முதலில் நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் மற்றவரிடம் விசாரித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். பதின்மூன்று வயதில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனேன். பதினேழில் மலாக்கா டவுனில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், ரேடியோ கடையில் தரை கூட்டச் சேர்ந்து, கூட்டிக்கொண்டே பக்கத்தில் நடப்பதைப் பார்த்து ஈயம் பற்றவைக்கக் கற்றேன். டுரியான் துங்காலில் எங்கள் கடை வரிசையில் முதல் கைப்பேசிக் கடை என்னுடையது. வங்கி கடன் தரவில்லை. என் மோட்டார் சைக்கிளை விற்று முன்பணம் கட்டினேன். அலமாரி, மேசை, வயரிங், பெயர்ப்பலகை எல்லாம் என் கை வேலை. பலகையில் ஓர் எழுத்து கோணல் என்று சிரித்தவர்கள் தங்கள் கடைகளை மூடிவிட்டுப் போனார்கள். என் கடை இருபத்தாறு வருடம் நின்றது. இரண்டு பெண்களைப் பட்டதாரி ஆக்கியது அந்தக் கடைதான். தண்ணீரில் விழுந்த போனை முகர்ந்து பார்த்தே கடல் தண்ணீரா, கக்கூஸ் தண்ணீரா என்று சொல்லிவிடுவேன். செர்காமில் படகில் போகிறவர்கள் வழியில் இருக்கிற கடைகளையெல்லாம் விட்டுவிட்டு என்னிடம் வந்தது சும்மா இல்லை.

இந்தச் சனிக்கிழமைச் சேவைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் எல்லோரும் என்னைவிடப் படித்தவர்கள். ஆட்களை வேவு பார்க்காத, உள்ளே என்ன இருக்கிறது என்பதை யாரும் திறந்து பார்க்கக்கூடிய மென்பொருளை ஜனங்களின் கைப்பேசியில் போட்டுக் கொடுக்க வந்திருக்கிறீர்கள். காசு இல்லாத மென்பொருள்தானே, சொன்னால் எல்லோரும் ஓடி வந்து வாங்கிக்கொள்ளமாட்டார்களா என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். அதனால் ஒரு பெண்ணுக்கு வேலையும் இருப்பிடமும் போகப் பார்த்தது. அதற்கு முன்பே இன்னொரு பெரிய பிழையும் செய்திருந்தேன். அதிலிருந்து தொடங்குகிறேன்.

புதுப் போன் வாங்கினால் முதலில் ஒரு கணக்குத் திறக்கச் சொல்லும். தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு ஏது கணக்கு? வேலைக்குப் போகிற வழியில் ஒரு பெண் வருவாள், கையில் சோற்றுப் பையோடு. "அண்ணே, சீக்கிரம் போட்டுக் குடுங்க லா, பஸ் போயிரும்" என்பாள். கடவுச்சொல் என்ன வைக்கலாம் என்று கேட்டால், "நீங்களே எதையாச்சும் வைங்க" என்பாள். அவளுக்கு உட்கார்ந்து யோசிக்க நேரம் இல்லை. எனக்கும் ஆளுக்கு அரை மணி நேரம் செலவழிக்கக் கட்டுப்படியாகாது. நான் கெட்டிக்காரன் அல்லவா? கடையின் பேரில் ஒரே ஒரு கணக்குத் திறந்தேன். வருகிற போனுக்கெல்லாம் அதையே போட்டேன். ஐந்து நிமிடத்தில் ஆள் பஸ் பிடித்துவிடும். இப்படியே முந்நூறு போனுக்கு மேல்.

விளைவு என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒருவர் சேமித்த எண் எல்லோருடைய போனிலும் வந்து உட்கார்ந்தது. யாராவது சண்டைக்கு வந்தார்களா? இல்லை. சந்தோஷப்பட்டார்கள்! எங்கள் தோட்டத்தை விற்று, லயத்து வரிசை வீடுகளை இடித்து, ஆளுக்கொரு தாமான் குடியிருப்புக்குச் சிதறிப்போன நேரம் அது. கல்யாணப் பத்திரிகை வைக்க, சாவுச் செய்தி சொல்ல, யார் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது. என் கடைப் போனைத் திறந்தால் தோட்டமே உள்ளே இருந்தது. "அண்ணன் கடையில போன் வாங்குனா சொந்தக்காரங்க ஃப்ரீ" என்று கேலி பேசுவார்கள். நானும் மீசையைத் தடவிக்கொண்டு, "வேற எவன் கடையில உண்டு சொல்லு" என்பேன்.

லெட்சுமி என்று ஒரு பெண். தோட்டத்தில் எங்கள் லயத்துக்கு எதிர் லயம். அவள் தங்கையைச் செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்வியின் புருஷன் லாரி ஓட்டுகிறவன், கை நீட்டுகிறவன். ஒரு நாள் அவள் ஒரே ஒரு பையோடு வீட்டைவிட்டு வந்துவிட்டாள். பத்து பெரண்டாம் என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, அவர்கள் கொடுத்த ஹாஸ்டலில் தங்கினாள். எங்கே இருக்கிறாள் என்பது லெட்சுமிக்கு மட்டும் தெரியும். லெட்சுமிக்குப் போனில் எழுதத் தெரியாது. கடைக்கு வந்து ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள்.

"அண்ணே, தங்கச்சி புது நம்பர். ஹாஸ்டல்னும் சேத்துப் போட்டுருங்க. அவன் கண்ணுல மட்டும் படக்கூடாது."

"என் கைக்கு வந்துட்டா பேங்க்ல போட்ட மாதிரி" என்றேன். 'செல்வி புது நம்பர் ஹாஸ்டல்' என்று நானே என் விரலால் அடித்துச் சேமித்தேன். சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். எவ்வளவு ஜாக்கிரதை பாருங்கள்! லெட்சுமியின் போனும் அதே கடைக் கணக்கில்தான் இருக்கிறது என்பது மட்டும் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சில நாள் கழித்து அந்தப் புருஷன் கடைக்கு வந்தான். போன் லாரியிலிருந்து விழுந்து ஸ்க்ரீன் சிதறியிருந்தது. என் கடையில் வாங்கிய போன்தான். புது ஸ்க்ரீன் மாட்டிக்கொண்டிருந்தேன். அவன் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து தே தாரே குடித்துக்கொண்டிருந்தான்.

"சீக்கிரம் அண்ணே. நாலு நாளா ஒண்ணும் தெரியல."

"லாரி எங்க போகுது?"

"லாரி கெடக்கு. உங்க கடைப் போன்ல எல்லார் நம்பரும் வருமே, அதான் வேணும். அக்காக்காரி கட்டாயம் அவ நம்பரைப் போட்டு வச்சிருப்பா. வந்திருக்கான்னு பாக்கணும்."

அந்த நேரம் பார்த்து ஸ்க்ரீன் உயிர்பெற்றது. நான் சோதனைக்காக எண் பட்டியலைத் திறந்திருந்தேன். என் விரலுக்குக் கீழே அந்தப் பேர் இருந்தது, ஹாஸ்டலோடு சேர்த்து.

"என்னண்ணே, அப்படியே நிறுத்திட்டீங்க?"

"டச் பாக்கிறேன் டா. கொஞ்சம் பொறு."

உங்களில் யாருக்காவது அப்படி ஒரு நிமிடம் வரும். வராமல் இருக்கட்டும், வந்தால் தயாராக இருங்கள். வாடிக்கையாளர் போனில் உள்ளதைத் தொடக்கூடாது என்பது நம் தொழிலின் முதல் ஒழுக்கம். இருபது வருடம் அதை மீறாதவன் நான். ஆனால் அந்த எண் அவனுடையது இல்லை. அவன் கேட்டு வாங்கியதும் இல்லை. அதை அவன் பாக்கெட்டுக்குள் கொண்டுபோய்ப் போட்டது நான். போட்டவன்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு மூச்சுக்குள் முடிவு செய்தேன்.

"டச் ஒரு பக்கம் வேலை செய்யல. வேற ஸ்க்ரீன் உள்ள இருக்கு, இரு" என்று சொல்லி அவன் போனோடு பின்னறைக்குப் போனேன். கடைக் கணினியில் கணக்கைத் திறந்தேன். ஒரே ஓர் அழுத்து. பேர் போய்விட்டது. அவன் போனிலிருந்தும், லெட்சுமி போனிலிருந்தும், முந்நூறு போனிலிருந்தும்.

திரும்பி வந்து கொடுத்தேன். அவன் தேடினான். செல்வியின் பழைய எண்தான் இருந்தது.

"சே. யாரும் போடல போல."

"எல்லாரும் மறந்துட்டாங்க போல" என்றேன். காசு வாங்கவும் மறந்துவிட்டேன். அவன்தான் கவனித்துக் காசை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

அவன் லாரி சத்தம் அடங்கியதும் கடையை இழுத்துச் சாத்திவிட்டு லெட்சுமி வீட்டுக்கு ஓடினேன். அவளிடம் நடந்ததைச் சொன்னபோது அவள் என்னைத் திட்டவில்லை. அந்த எண் யார் யார் போனில் இருந்தது என்று கேட்டாள். அந்தச் சில நாளில் வேறு யார் அந்த எண்ணைப் பார்த்திருப்பார்கள் என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மறுநாளே லெட்சுமியோடு ஹாஸ்டலுக்குப் போய்ச் செல்விக்குப் புது எண் வாங்கிக் கொடுத்தேன், என் செலவில். லெட்சுமியின் போனை அந்தக் கணக்கிலிருந்து பிரித்துத் தனியாக்கினேன்.

அந்த ஓர் அழுத்துதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு பெண்ணை முந்நூறு போனிலிருந்து அழிக்க என்னால் முடிந்தது. அப்படியானால் எவரையும் முந்நூறு போனுக்குள் போடவும் என்னால் முடியும். யாரும் எனக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. பஸ் பிடிக்க ஓடிய அவசரத்தில் கைதவறி என்னிடம் விட்டுப்போனார்கள், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்துப் பல்கலைக்கழக வளாகத்தில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண், எனக்குத் தங்கை மாதிரி, என் கடைக்கு உதிரிப்பாகம் வாங்க வருவாள். பேரைப் போடக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள். அவள்தான் எனக்கு இந்தத் திறந்த மென்பொருளைக் காட்டியவள்.

"ரொட்டி சானாய் கடை மாதிரி அண்ணே. முன்னாலயே நின்னு மாவை வீசுறான், என்ன எண்ணெய் ஊத்துறான்னு யார் வேணும்னாலும் பாக்கலாம். உள்ள போய்ச் சமைச்சு எடுத்துட்டு வரலை."

எனக்கு ஒரே அடியில் புரிந்துவிட்டது. படித்தவர்களுக்கு இது புரிய ஒரு வாரம் ஆகும்.

குற்ற உணர்ச்சி இருக்கிறவன் எதையும் பெரிதாகச் செய்வான். நானும் செய்தேன். செல்வியின் போன் மலிவான போன். விலை குறைந்த போனில் கம்பெனிக்காரன் பிடுங்க முடியாதபடி எதையெதையோ அடைத்து அனுப்புவான். சுத்தமான மென்பொருளை அது ஏற்காது. ஏற்கிற போன் வேண்டுமென்றால் அவளுடைய இரண்டு மாதச் சம்பளம். என் சொந்தப் போனையே கொடுத்தேன். அந்தத் தங்கையின் போனில் இருப்பதுபோலவே அடிமுதல் நுனிவரை எல்லாவற்றையும் மாற்றினேன். இரண்டு நாள் வேலை. பத்து பெரண்டாமுக்குப் போய்ச் செல்வியின் கையில் கொடுத்து, "இனிமே உன்னை ஒரு ஈ கூடப் பாக்க முடியாது" என்றேன்.

இரண்டு வாரத்தில் கூப்பிட்டாள். ஹாஸ்டலுக்கு எதிரே உள்ள கடைக்குப் போனேன். சிப்ட் முடிந்து வந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. போனை மேசை மேல் வைத்தாள்.

"எனக்குப் பழைய போனையே குடுத்துருங்க அண்ணே."

"ஏம்மா?"

"பேங்க் ஆப் தொறக்க மாட்டேங்குது. சிப்ட் மாத்துனதை எல்லாரும் குரூப்புல போடுறாங்க. நீங்க குடுத்த மெசேஜ் ஆப்புல நானும் நீங்களும் மட்டும்தான் இருக்கோம். சிப்ட்டை மிஸ் பண்ணிட்டேன். வார்னிங் லெட்டர் குடுத்துட்டாங்க."

"அதைச் சரி பண்ண வழி இருக்கும்மா. படிச்சுப் பாத்தா..."

"எப்பப் படிக்க? பன்னண்டு மணி நேரம் நிக்கிறேன். லீவுன்னா துணி துவைச்சுட்டுப் படுக்கிறேன். இன்னொரு லெட்டர் வந்தா வேலை போயிரும். வேலை போனா ஹாஸ்டல் போயிரும். அப்புறம் நான் எங்க போவேன், சொல்லுங்க?"

எங்கே போவாள் என்பது எனக்குத் தெரியும். அவன் வீட்டைத் தவிர அவளுக்கு வேறு கதவு இல்லை. என் பிழையால் அவன் அவளைத் தேடி வந்திருப்பான். என் நல்ல காரியத்தால் அவளே அவனைத் தேடிப் போயிருப்பாள்.

ஆய்வகத் தங்கையிடம் போய்ச் சொன்னேன். அவள் தன் போனை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"என் போன் கெட்டா எனக்கு இன்னொரு போன் இருக்கு அண்ணே. சனி, ஞாயிறு லீவு. உக்காந்து தேடிக் கண்டுபிடிச்சிருவேன். இது ஃப்ரீ, ஃப்ரீன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேனே, இந்த ரெண்டையும் கணக்குல சேக்கவே இல்ல பாருங்க."

அது உண்மை. நம் ஊரில் வசதியான குத்தகைக்காரர் ஒருவர் குடும்பமும் என் கடைக் கணக்கில் இருந்தது. கணக்கைப் பிரித்துக்கொள்ளச் சொன்னேன். கல்லூரியில் படிக்கிற மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆறு போனையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். சாயங்காலத்துக்குள் எல்லாம் சுத்தம். அதே செய்தியைத் தொழிற்சாலைப் பெண்களிடம் சொன்னால், "சரிண்ணே, லீவு வரட்டும்" என்றார்கள். அந்த லீவு வரவே இல்லை. அவர்களுக்கு அக்கறை இல்லை என்று மட்டும் எவனாவது என்னிடம் சொல்லட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

மறுபடியும் செல்வியிடம் போனேன். இந்தத் தடவை நான் பேசவில்லை, கேட்டேன். "உனக்கு என்ன வேணும்?"

விரலை மடக்கினாள். "என் நம்பர் வேற எங்கயும் போகக்கூடாது. நான் இருக்கிற எடம் தெரியக்கூடாது. சிப்ட் மெசேஜ் வரணும். பேங்க் தொறக்கணும். மத்ததெல்லாம் உங்க ஆசை அண்ணே, என் ஆசை இல்ல."

அவளுடைய பழைய போனையே எடுத்தேன். அவளுக்கென்று தனிக் கணக்கு, கடவுச்சொல்லை அவளே வைத்தாள், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எண்கள் போனுக்குள்ளேயே தங்குகிற திறந்த மென்பொருள் ஒன்று. இடம் காட்டுவதை எவை எவை கேட்கின்றன என்று பார்த்து நிறுத்தினேன். வங்கியும் குரூப்பும் இருந்தபடியே இருந்தன. வளாகத்துத் தங்கை பார்த்தால் இது பாதிச் சுத்தம் என்பாள். இருபது நிமிடத்தில் முடிந்தது. செல்வியின் தேத்தண்ணீர்கூட ஆறவில்லை.

"இவ்ளோதானா? இதை மத்தவங்களுக்கும் செய்யலாமே."

"எப்போ செய்யறது? அவங்களுக்கு எங்க நேரம்?"

அவள் தொழிற்சாலை வாசலைக் காட்டினாள். சிப்ட் விட்டிருந்தது. பஸ்கள் வரிசையாக நின்றன. ஏறியவர்கள் ஜன்னல் ஓரம் சாய்ந்திருந்தார்கள்.

"பஸ் நிரம்பாம எடுக்க மாட்டான் அண்ணே. இருபது நிமிஷம், அரை மணி நேரம் எல்லாரும் சும்மாதான் உக்காந்திருக்காங்க."

இத்தனை வருடம் தொழில் செய்தவன், ஊரெல்லாம் நேரம் எங்கே என்று தேடினேன். அது என் கண்ணெதிரே இன்ஜினை ஓடவிட்டு நின்றுகொண்டிருந்தது.

அடுத்த வாரத்திலிருந்து காலையில் கடையைத் திறக்கவில்லை. நல்ல வியாபார நேரம் அது, விட்டேன். ஒரு சின்னப் பையோடு போய், இரவு சிப்ட் விடும் நேரம் தொழிற்சாலை வாசலில் நிற்கும் டுரியான் துங்கால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். டிரைவர் முதல் நாள் முறைத்தார். "இங்க கடை போடாதீங்க!" அவர் போனைத்தான் முதலில் செய்து கொடுத்தேன். பிறகு எனக்கென்று முன் சீட்டை ஒதுக்கிவைத்தார். ஒரு நாளைக்கு இரண்டு போன், சில நாள் மூன்று. பஸ் கிளம்பினால் பாதியில் நிறுத்தக்கூடாத எதையும் தொடுவதில்லை. இந்த விதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: அவர்களுடைய நேரத்துக்குள் முடியாத நல்லது நல்லது இல்லை.

செல்வி ஹாஸ்டலிலிருந்து நடந்து வந்து பக்கத்துப் பஸ்ஸில் ஏறி அதே வேலையைச் செய்வாள். இரண்டாவது மாதத்தில் என்னைவிட வேகம். பெண்கள் என்னிடம் சொல்லாததை அவளிடம் சொன்னார்கள். யாருக்கு எதை முதலில் மறைக்க வேண்டும் என்பது அவளுக்குத்தான் தெரிந்தது. நான் எல்லோருக்கும் ஒரே வேலை செய்தேன். அவள் ஆளுக்கு ஏற்ற வேலை செய்தாள். இதை ஒப்புக்கொள்ள எனக்குக் கஷ்டம்தான். ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஜாசின் பக்கம் குடிபோனவர்களை வீடு தேடிப் போய்ச் செய்தேன். தோட்டத்துக் கிழவர்கள் கோபித்துக்கொண்டார்கள். "எல்லார் நம்பரும் போயிருச்சே டா!" என்றார்கள். யாருடைய எண் வேண்டும் என்று கேட்டு, அந்த ஆளிடம் சம்மதம் கேட்டு, அதை மட்டும் போட்டுக் கொடுத்தேன். அதில் இரண்டு பழைய சண்டைகள்கூடத் தீர்ந்தன. கடைசிப் போனையும் பிரித்த அன்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பத்து பெரண்டாம் போனேன். கடைக் கணக்கை மொத்தமாக அழிக்கும் இடத்தைத் திறந்து செல்வியின் முன்னால் வைத்தேன்.

"நீங்களே அழுத்துங்க அண்ணே."

"நான் ஒரு தடவை அழுத்திட்டேன். இது உன்னுது."

அழுத்தினாள். உறுதியா என்று கேட்டது. மறுபடியும் அழுத்தினாள். பிறகு சிரித்துவிட்டு, "முந்நூறு சொந்தக்காரங்க போச்சு" என்றாள்.

அவன் இன்றுவரை அவளைக் கண்டுபிடிக்கவில்லை. அவள் இப்போது லைன் லீடர். ஹாஸ்டலை விட்டு வாடகை வீட்டுக்குப் போய்விட்டாள். எங்கே என்று உங்களுக்கும் சொல்லமாட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சேவையின் அறிவிப்புத் தாளைப் பார்த்தேன். நல்ல காகிதம், நல்ல வண்ணம். 'இருபது நிமிட முறை: மாணவர்களும் தன்னார்வலர்களும் உருவாக்கியது' என்று போட்டிருக்கிறீர்கள். நீங்கள் வருவதற்கு முன்பே பஸ்ஸில் உட்கார்ந்து வியர்த்தவன் நான். ஒரு வருடக் காலை வியாபாரத்தைக் கொடுத்தவன் நான். செல்வியிடம் கேட்டேன், உன் பேரையும் போடச் சொல்லட்டுமா என்று. "என் பேர் எங்கயும் வேண்டாம் அண்ணே, அதுக்குத்தானே இத்தனையும்" என்றாள். அது அவள் உரிமை. இங்கே எழுதியிருக்கிற பேரும் அவளுடையது இல்லை.

எனக்குப் பேர் வேண்டும். அடுத்த தாள் அச்சுக்குப் போகும்போது, முறையைக் கண்டுபிடித்தது பெயர் சொல்ல விரும்பாத ஒரு தொழிற்சாலைப் பெண் என்று முதல் வரி இருக்கட்டும். அவளோடு சேர்ந்து அதை நடத்திக் காட்டியவன் என்று இரண்டாம் வரியில் என் பேர், முழுப் பேர், அப்பா பேரோடு. அதற்குக் கீழே, இதே ஆள்தான் முன்பு முந்நூறு பேரை அவர்களைக் கேட்காமல் ஒரே கணக்கில் போட்டவர் என்பதையும் அச்சடியுங்கள். சின்ன எழுத்தில் வேண்டாம். என் பேர் எந்த அளவில் இருக்கிறதோ, அதே அளவில்.